காடு திரும்பும் விலங்கும் அதன் ஒட்டுண்ணிகளும்

ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை நாடி யானைகள் வருவதும், பிளாஸ்டிக்கை உண்டு மடிவதும் நாம் அறிந்ததே. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இவ்வாறு இறந்ததாக 2022இல் செய்திகள் வெளிவந்தன. தாய் இறந்தால் பால்குடிக் குட்டியின் கதி என்ன?

இத்தகைய அநாதைக் குட்டிகளுக்காக வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் உடவளவையில் ஓர் இல்லத்தை ஆரம்பித்தது. மூன்று மணித்தியாலத்திற்கு ஒரு தடவை பாலூட்டி வளர்க்கப்படும் குட்டிகள், சில ஆண்டுகளின் பின் காட்டில் விடப்படுகின்றன. முதற்தொகுதி 1998இல் விடப்பட்டது. இங்கு ஒரு வினா எழுகின்றது. அவற்றின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளை என்ன செய்வது?

யானையின் குடலில் வட்டப்புழுக்களும், ஈரலில் தட்டைப்புழுவும், தோலில் பேனும் வாழ்கின்றன. காட்டு யானை நாளும் இடம் மாறுவதால் தன் இலத்தியை விட்டு விலகிச் செல்கின்றது. ஓரிடத்தில் கூட்டமாக அடைத்து வளர்க்கும்போதோ, இலத்தியுடன் வெளியேறும் முட்டைகள் பொரித்து, புழுக்கள் புல்லோடு மீண்டும் வயிற்றை அடைகின்றன. பலவீனமான குட்டி இதனால் இறக்கவும் கூடும். அன்றியும், வேறிடத்தில் தொற்றிய புழு, விடப்படும் விலங்குடன் சென்று காட்டுக் கூட்டத்திற்கும் பரவலாம்.

அவ்வாறாயின் அனைத்தையும் அழித்துவிடலாமே எனச் சிலர் கேட்பர். அது சரியன்று. சிறிதளவு தொற்றுடன் வளரும் உடலே அதனை எதிர்க்கப் பழகுகின்றது. புழுவையே அறியாது வளர்ந்த விலங்கு, காட்டில் முதற்தொற்றிலேயே தளர்ந்துவிடலாம். 1987இல் உலகில் எஞ்சியிருந்த 27 கலிபோர்னியா கொண்டோர்ப் பறவைகளும் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைகளின் பராமரிப்பில் இருந்தன. அவற்றுக்குப் பேன் மருந்து இடப்பட்டது. 1992 முதல் பறவைகள் மலைகளுக்குத் திரும்பின. ஆனால் அவற்றில் மட்டுமே வாழ்ந்த, தீங்கற்ற ஒருவகைப் பேன் உலகிலிருந்தே மறைந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது.

எனவே அழிப்பதன்று, அளவுடன் வைத்திருப்பதே முறை. புதிதாக வரும் விலங்கைத் தனியே வைத்தல், இலத்தியை நாள்தோறும் அகற்றுதல், அதிலுள்ள முட்டைகளை நுணுக்குக்காட்டியில் எண்ணிப் பார்த்தல், தேவையானபோது மட்டும் உடல் நிறைக்கேற்ப மருந்து கொடுத்தல், விடுவதற்கு முன் மீண்டும் சோதித்தல் என்பன இதன் படிகளாகும்.

எமது ஆட்டுப்பட்டிகளுக்கும் இப்பாடம் பொருந்தும். ஒரே பூச்சிமருந்தை அடிக்கடி எல்லா ஆடுகளுக்கும் கொடுத்தால், மருந்துக்குச் சாகாத புழுக்களே எஞ்சிப் பெருகும். பின்னர் உண்மையான நோயின்போது அம்மருந்து பயன்தராது. ஆதலால் மருந்து வாங்குமுன் சாணத்தை மிருக வைத்தியரிடம் கொடுத்துச் சோதிப்போம். வாங்கிவந்த ஆட்டை அன்றே பட்டியில் சேர்க்காது, சில நாட்கள் தனியே கட்டி வைப்போம்.