சிகிரியாவைச் சுற்றி நடந்த பேராசிரியர்

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே சிகிரியாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஓவியங்கள், சிங்கப் பாதங்கள், 5ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் கட்டிய மாளிகை. 1890களில் எச்.சி.பி. பெல் அங்கே அகழத் தொடங்கியபிறகும் நெடுங்காலம் ஆய்வு குன்றோடும் அதன் பூங்காக்களோடும் நின்றது. அந்த மாளிகைக்கு நெல் கொடுத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று தேடியவர் சேனக பண்டாரநாயக்க.

களனிப் பல்கலைக்கழகத் தொல்லியல் பேராசிரியர் அவர். 1986இல் தொடங்கிய தொல்லியல் பட்டப்பின் கல்வி நிறுவகத்தின் முதல் பணிப்பாளர். 1980களின் இறுதியில் சுவீடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து சிகிரியா–தம்புள்ளைப் பிரதேசத்தின் பழைய குடியிருப்புகளைத் தேடும் வேலையில் மாணவர்களை இறக்கினார். காட்டிலும் குளக்கரையிலும் நடப்பதுதான் பாடம். பானை ஓடு, இரும்புக் கசடு, மண்மூடிய அணை என்று தென்பட்டவற்றை இருந்த இடத்தோடு பதிய வேண்டும். ஓட்டின் அழகைவிட, அது கிடந்த இடத்துக்கும் குளத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதே அங்கே முக்கியம். அந்த ஆய்வின் முதல் தொகுதி 1990இல் வெளிவந்தது.

அந்த நிலம் நிறையச் சொன்னது. அலகொலவெவ அருகே, காசியப்பனுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையின் பெருங்கற்கால இடுகாட்டில் கற்பலகைக் கல்லறைகள், தாழிகள், கார்னீலியன் மணிகள். தமிழகத்தின் ஈமக்காடுகளைப் பார்த்த எவருக்கும் இரண்டுக்கும் உள்ள உறவு உடனே புரியும்.

பண்டாரநாயக்க 2015இல் காலமானார். இன்றைய மாணவர்களிடம் செய்மதிப் படமும் ஜி.பி.எஸ்ஸும் ஜி.ஐ.எஸ்ஸும் இருக்கின்றன. அவர்கள் முதலில் எடுக்கவேண்டிய வேலை ஒன்று அதே பிரதேசத்திலேயே கிடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள், கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்குத் தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். காட்டோரத்தில் புதைக்கப்பட்ட பெரும்பாலோரின் பெயரை எந்தப் பதிவேடும் காக்கவில்லை. எங்கே இரவு தங்கினார்கள்? எந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள்? பிணங்களை எங்கே இறக்கினார்கள்? கங்காணி கூட்டிவந்த கதையைப் பாட்டன் சொல்லக் கேட்டவர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் மூப்படைந்துவிட்டார்கள். சாலைகள் அகலமாகின்றன, காடுகள் வயலாகின்றன.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களைச் செய்மதிப் படத்தின்மேல் பொருத்தி, முதியவர்கள் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டு, மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலடியிலிருந்து அவர்கள் வந்த வழியைத் தேடி வடக்கே நடக்கத் தொடங்கலாம். முதல் பருவத்துக்கு நாலந்தா வரை போதும்.