போலீஸுக்கும் ஒரு தரச் சான்று



வேலியே பயிரை மேயலாமா என்று நம்மவர் கேட்பதுண்டு. மேயாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர் யார் என்பது அதனினும் கடினமான கேள்வி. அதற்கு அமெரிக்க நாட்டார் கண்ட விடைகளுள் ஒன்றை மாணவர்களாகிய உங்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே போலீஸ் கிடையாது. நகரத்துக்கு ஒன்று, கவுண்டி என்னும் வட்டாரத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என ஏறத்தாழ 18,000 இலாகாக்கள் உள்ளன. பெருநகர இலாகாவில் பல்லாயிரம் பேர். சிற்றூரிலோ பத்துப் பேர்கூட இல்லாத இலாகாக்கள் பல. ஓரூரில் ஒழுங்கெனப்படுவது மற்றோரூரில் எழுதப்படாமலே இருக்கலாம். இக்குறையைப் போக்க, போலீஸ் தலைவர்கள், ஷெரிபுகள், கறுப்பின போலீஸ் அதிகாரிகள் ஆகியோரின் சங்கங்களும் போலீஸ் ஆராய்ச்சி மன்றம் ஒன்றும் சேர்ந்து, 1979ஆம் ஆண்டில் ‘கலியா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தரச் சான்று ஆணையத்தை நிறுவின. 1984ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தின் மவுண்ட் டோரா என்னும் சிறு நகரம் முதற் சான்றைப் பெற்றது.

இச்சான்றை யாரும் வற்புறுத்தித் திணிப்பதில்லை. விரும்பும் இலாகா விண்ணப்பித்து, ஆணையத்தின் விதிகளுக்கேற்பத் தன் நடைமுறைகளை எழுதி, அவற்றின்படி நடந்ததற்குப் பதிவேடுகளை ஆதாரமாகக் காட்ட வேண்டும். பிற இடங்களிலிருந்து வரும் அனுபவமிக்க மதிப்பீட்டாளர்கள் அவற்றைச் சோதிப்பார்கள். பொதுமக்களின் கருத்தையும் கேட்பார்கள். சான்று நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் பரிசீலனை உண்டு. தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவனை நாம் நம்புவதில்லை அன்றோ? இங்கும் அதே நியாயந்தான்.

இதனால் விளையும் நன்மை யாது? ஓர் உதாரணம் கூறுகிறேன். கைப்பற்றிய பணமும் துப்பாக்கியும் போதைப்பொருளும் போலீஸாரின் சான்றுப்பொருள் அறையில் இருக்கும். அவற்றுள் ஒன்று காணாமற்போனால், குற்றவாளி தப்பலாம். குற்றமற்றவன் தண்டனை அடையவும் கூடும். ஆகவே, அவ்வறையோடு தொடர்பில்லாத அதிகாரி ஒருவர் ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். முன்னறிவிப்பில்லாத சோதனையும் நடைபெற வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது இருப்பைச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன விதிகள். அவ்வாறே, பலத்தைப் பிரயோகித்த நிகழ்ச்சிகளுக்கு எழுத்து மூலமான அறிக்கை வேண்டும். ஆண்டிறுதியில் அவ்வறிக்கைகளை ஒருங்கே ஆராயவும் வேண்டும். தனித்தனியே பார்க்கையில் தெரியாத தீய வழக்கம், ஒருசேர நோக்கும்போது புலப்பட்டுவிடும்.

இம்முறை குடிமகனை மட்டும் காப்பதன்று. பதவி உயர்வுக்கும் புகார் விசாரணைக்கும் எழுதப்பட்ட நெறி இருப்பதால், நேர்மையான காவலர் மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இரையாவது குறைகிறது. விதிப்படி நடந்தவர் அதைப் பதிவேட்டைக் கொண்டே மெய்ப்பிக்கலாம்.

2020 மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்ட் என்பவர் போலீஸ் அதிகாரி ஒருவரின் முழங்காலின் கீழ் உயிரிழந்தார். நாடே கொந்தளித்தது. மறுமாதம் அதிபர் டிரம்ப் ஆணையொன்று பிறப்பித்தார். மத்திய அரசின் சில மானியங்களை நாடும் இலாகாக்கள் வெளியாரிடம் சான்று பெற்றிருக்கவோ பெற முயன்றுகொண்டிருக்கவோ வேண்டும் என்றும், உயிர் போக்கும் பலத்தைச் சட்டம் அனுமதிக்கும் நிலையிலன்றிக் கழுத்தை நெரிக்கும் பிடியை அவை தடைசெய்திருக்க வேண்டும் என்றும் அது கூறியது.

ஆயினும் தரச் சான்று சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லமாட்டேன். கட்டணமும் எழுத்து வேலையும் சிறிய இலாகாக்களுக்குப் பெருஞ்சுமை. நல்ல விதியை ஏட்டில் வைத்துக்கொண்டே தெருவில் மீறுவதும் உண்டு. சான்று பெற்ற இலாகாக்களிலும் தவறுகள் நிகழ்ந்தே இருக்கின்றன. விதி ஏட்டில் இருந்தால், மீறியவரை அதைக் காட்டிக் கேட்கலாம். அதுவே இல்லாத இடத்தில் கேட்பதற்கு ஆதாரம் ஏது? இதன் தலையாய பயன் இதுவே என்பது என் கருத்து.

எனவே, எந்த நாட்டிலும் ஓர் இலாகா தனக்குத் தரச் சான்று உண்டென்று கூறினால், நீங்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சோதித்தவர் யார்? எந்தப் பதிவேடுகளைப் பார்த்தார்? கண்ட குறைகளுள் எவை திருத்தப்பட்டன?