சராசரியை நம்பிப் பேருந்து ஏற்றலாமா?

ஆசிரியர்களே, கல்விச் சுற்றுலாவுக்கு 40 இருக்கைப் பேருந்து. பெயர் கொடுத்தவர்களோ 42 பேர். "எப்படியும் நாலு பேர் வரமாட்டாங்க, சமாளிச்சிடலாம்" என்போம், இல்லையா? ஒவ்வொரு மாணவரும் வருவதற்கு 90 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 38 பேர்தான் வருவார்கள். ஆனால், இடர் சராசரியில் தெரியாது.

பைத்தான் நிரலில் பார்ப்போம். கணினி 0 முதல் 1 வரை ஒரு தற்செயல் எண் தரும். அது 0.9-க்குக் கீழ் இருந்தால் மாணவர் வந்துவிட்டார். 42 முறை செய்தால் ஒரு பயணம். அதை 10,000 முறை ஓடவிட்டு, 40-ஐத் தாண்டியவற்றை எண்ணுங்க. ஏறக்குறைய 680 வரும். அதாவது, 100 பயணங்களில் 7-இல் ஒரு பிள்ளையாவது இருக்கையில்லாமல் நிற்கும்.

இதுதான் மான்டி கார்லோ முறை. 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் தனியாகச் சீட்டாடியபோது பிறந்த யோசனை. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன.

ஓர் எச்சரிக்கை: அண்ணன் தம்பிகள் சேர்ந்தே வருவாங்க, சேர்ந்தே விடுப்பு எடுப்பாங்க. நம் நிரலோ எல்லாரையும் தனித்தனியாக எண்ணுகிறது. 42 பேரும் 21 சோடிகளாக வந்தால் அந்த 7, 11 ஆகிவிடும்!

பெயர்ப்பட்டியலை 41-ஓடு நிறுத்தினால்? மாணவர்களையே நிரல் எழுதிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. விடையைவிட, "எந்த அளவு இடரை நாம் ஏற்கலாம்?" என்று அவர்கள் விவாதிப்பதே உண்மையான பாடம்.