உயிலில் கிணறும் வாய்க்காலும் இடம்பெற வேண்டும்

மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு, அதில் ஒரு மின்மோட்டார். இவ்வளவுதான் சொத்து. தகப்பனார் இருக்கும் வரை தகராறு இல்லை. அவர் காலமான பின் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ஓர் ஏக்கராகப் பிரித்துக் கொள்கிறார்கள். கிணறு ஒருவர் பங்கில் அமைந்துவிடுகிறது. கோடையில் மற்ற இருவரின் பயிர் வாடும்போது சண்டை தொடங்குகிறது. கிராமங்களில் பல அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போவது இப்படித்தான். நிலத்தைப் பங்கிட்டவர்கள் தண்ணீரைப் பங்கிட மறந்துவிடுகிறார்கள்.

கொஞ்ச நிலத்துக்கு உயில் எதற்கு என்று சிறு விவசாயிகள் நினைப்பதுண்டு. உண்மையில் அவர்களுக்குத்தான் இது மிகவும் அவசியம். ஓர் ஏக்கர்க்காரர் வழக்குச் செலவுக்கே அந்த ஏக்கரை விற்க நேரிடும்.

எதை எழுதலாம்?

தாம் சம்பாதித்து வாங்கிய நிலத்தை ஒருவர் தம் விருப்பப்படி உயில் எழுதலாம். பூர்வீக நிலத்தில் தம் பங்கை மட்டுமே எழுத முடியும். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் எல்லோருக்கும் சம பங்காகச் சேரும். முன்பே இறந்துபோன பிள்ளையின் பங்கு அவருடைய குடும்பத்துக்குப் போகும்.

பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்று 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அப்போது தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எனவே கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்று மகளை விட்டுவிட்டுப் பாகம் பிரித்தால், பிற்பாடு அது வழக்கில் போய் முடியும்.

முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சட்டம் வேறு. அவர்கள் வக்கீலிடம் தனியாகக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

எழுதும் முறை

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க, அதைப் பார்த்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக இருப்பது நல்லது. நாளை கோர்ட்டில் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். சொத்தில் பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடாதிருந்தால் சந்தேகத்துக்கு இடமிராது. பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் உயில் தொலையாது. மனம் மாறினால் வேறு உயில் எழுதலாம். கடைசி உயிலே செல்லும்.

மறக்கக் கூடாதவை

1. பட்டாவில் உள்ளபடி சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, நான்கு எல்லை.

2. கிணற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு, தண்ணீர் முறை எந்தெந்த நாள். மூவர் என்றால் ஆளுக்கு இரண்டு நாள், ஏழாம் நாள் வாரம் ஒருவருக்கு என்று எழுதலாம்.

3. மின் இணைப்பு யார் பெயருக்கு மாற வேண்டும், மோட்டார் காயில் எரிந்தாலோ கிணறு தூர் வாரினாலோ செலவு எந்தக் கணக்கில்.

4. வாய்க்காலும் வண்டிப் பாதையும் எந்த வரப்பு வழியாக, எத்தனை அடி அகலம்.

5. வரப்பில் உள்ள தென்னை, பனை, வேம்பு யாருக்கு.

6. கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக் கடன் ஆகியவற்றை யார் அடைப்பது.

7. மனைவியின் காலம் வரை வீடும் ஒரு பங்கு விளைச்சலும்.

செட்டில்மெண்டில் கவனம்

உயில் இறப்புக்குப் பின்தான் நடைமுறைக்கு வரும். செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்ததுமே சொத்து கைமாறிவிடும். பிள்ளை சோறு போடவில்லை என்று பிறகு தாமாக ரத்து செய்வது எளிதல்ல. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி தீர்ப்பாயத்தில் முறையிட்டு ரத்து கேட்கலாம்.

உயில் எழுதியவுடன் பட்டா மாறிவிடாது. காலத்துக்குப் பின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயில் ஆகியவற்றுடன் தாலுகா அலுவலகத்துக்கு மனுச் செய்ய வேண்டும். தனித்தனிப் பட்டா வேண்டுமானால் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும்.

எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைப்பதோடு நிறுத்தாமல், மகன்களையும் மகள்களையும் ஒருநாள் ஒன்றாக உட்கார வைத்துப் படித்துக் காட்டிவிடுவது மேல். மனத்தாங்கல் இருந்தால் அன்றே வெளிவரும். அதைத் தீர்த்துவைக்கத் தகப்பனாரும் அன்று எதிரில் இருப்பார்.