நெப்போலியன் மீன்

நெப்போலியன் மீன் (கெய்லினசு அண்டுலேட்டசு) என்பது லேப்ரிடே குடும்பத்தைச் சேர்ந்த கடல்மீன் இனமாகும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் உள்ள பவளப்பாறைகளில் இது வாழ்கிறது. செருமானிய விலங்கியலாளர் எடுவார்து ரூப்பெல் 1835ஆம் ஆண்டில் இவ்வினத்தை விவரித்தார்.

உடலமைப்பும் வாழ்வும்

தன் குடும்பத்திலேயே மிகப்பெரிய மீன் இதுவாகும். சுமார் 2 மீட்டர் நீளம் வரை வளரும். முதிர்ந்த மீனின் நெற்றியில் பெரிய புடைப்பும், கண்ணுக்குப் பின்னால் கரிய கோடுகளும் காணப்படும். 30 ஆண்டுகள் வரை வாழக்கூடிய இம்மீன் இனப்பெருக்க முதிர்ச்சி அடையப் பல ஆண்டுகள் ஆகும். பெண் மீன்களுள் சில பிற்காலத்தில் ஆணாக மாறுகின்றன.

உணவு

மெல்லுடலிகள், கடல் முள்ளெலிகள் ஆகியவற்றுடன், பவளங்களைத் தின்றழிக்கும் முட்கிரீட நட்சத்திர மீனையும் இது உண்கிறது. அந்நட்சத்திர மீனின் நச்சு முட்களுக்கு அஞ்சி அதனை உண்ணும் உயிரினங்கள் மிகச் சிலவே. ஆகவே, இவ்வினம் பவளப்பாறைகளுக்குக் காவலாகவும் விளங்குகிறது.

காப்புநிலை

ஆங்காங் உள்ளிட்ட இடங்களின் உணவகங்களில் உயிருடன் விற்கப்படுவதால் இம்மீனுக்கு அதிக விலை கிடைக்கிறது. தட்டுக்கு ஏற்ற அளவுள்ளவை பெரும்பாலும் இளம் மீன்கள் என்பதால், அவை ஒருமுறையேனும் முட்டையிடும் முன்பே பிடிபடுகின்றன. பெரிய மீன்களைப் பிடித்தாலோ ஆண் மீன்கள் குறைகின்றன. 2004இல் இது அழியும் நிலையிலுள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தால் வகைப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் சேர்க்கப்பட்டது.