தானா முளைச்ச கன்று: எதை வைக்கலாம், எதைப் பிடுங்கலாம்?



ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் கொல்லையில் மரக்கன்றுகள் தானாகவே முளைக்கும். எல்லாத்தையும் களைன்னு கொத்திப் போட வேண்டாம். எல்லாத்தையும் விட்டு வைக்கவும் வேண்டாம். இலையைப் பார்த்து முடிவு செய்வோம்.

வேம்பு: இலை ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஆணிவேர் ஆழமாகப் போகும். அதனால் ஒரு சாண் உயரத்திலேயே, மண் ஈரமாக இருக்கும்போது வேர் அறாமல் மண்ணோடு தோண்டி, வீட்டுச் சுவரிலிருந்து 15 அடி தள்ளி நடுங்கள்.

சீமைக்கருவேல்: பொடி இலை, கணுவில் முள். மேலாக வெட்டினால் மறுபடியும் தழைக்கும். சின்னதிலேயே வேரோடு பிடுங்கணும். ஆடு, மாடு இதன் காயைத் தின்றால் புழுக்கை, சாணி வழியாக விதை பரவும். எருக்குழி ஓரத்தை அடிக்கடி பாருங்கள்.

அரசு, ஆல்: பறவை எச்சத்தால் சுவர் வெடிப்பிலும் கிணற்றிலும் முளைக்கும். நாங்கள் போகும் ஊர்களில், "சாமி மரமாச்சே" என்று பிடுங்கத் தயங்குகிறார்கள். விட்டால் வேர் சுவரையே பிளந்துவிடும். அப்புறம் கொத்தனார் கூலிக்குக் கடன் வாங்கணும். இளசிலேயே வேரோடு எடுத்து ஏரிக்கரையில் நடுங்கள். வெடிப்பைச் சிமெண்டால் பூசிவிடுங்கள்.

கூடுதலாக உள்ள வேப்பங்கன்றை அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கன்று இல்லாத வீட்டுக்குக் கொடுப்போம்.