தீவை இழந்த தலைவர்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சென்ற பருவத்தில் ஒரு வியாசத் தலைப்புக் கொடுத்திருந்தோம்: "தம் மக்களுக்காகத் துயருற்ற ஒரு தலைவர்." நோட்டுப் புத்தகங்களைத் திருத்த உட்கார்ந்தபோது நாம் எதிர்பார்த்த பெயர்களே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காந்தியடிகள், வ. உ. சி., கட்டபொம்மன். ஒரே ஒரு பையன் மட்டும், பச்சை அங்கி போர்த்த ஒரு முதியவரைப் பற்றி எழுதியிருந்தான். தமது தீவைத் தாமே அழிக்கும்படி கட்டளைக்கு உட்பட்டவராம். கதை முழுவதிலும் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லையாம். கடைசியில் பார்த்தால் அவர் மனிதரே அல்ல, ஓர் இயந்திர பொம்மை!

சிவப்பு மைப் பேனாவை எடுத்துவிட்டோம். ஆயினும் மூன்றாம் பக்கத்தைப் படித்து முடித்தபோது அதை மூடி வைக்கும்படி ஆயிற்று. மறுநாள் பையனை அழைத்து, "ஏண்டா, இது எந்தக் கதை?" என்று கேட்டோம்.

"வீடியோ விளையாட்டு, ஸார்" என்றான், அடிக்குப் பயந்தவனைப் போல.

அந்த விளையாட்டை நாமே ஆடிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். மைத்துனர் மகன் பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, அவனுடைய பழைய "வீ" பெட்டியையும் கொண்டுவரச் சொன்னோம். முதல் நாள் நாம் செய்த ஒரே சாதனை, கதாநாயகனைப் பதினைந்து தடவை பள்ளத்தில் தள்ளியதுதான். குழந்தைகள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரையில் கேட்டிருக்கும்.

விளையாட்டின் பெயர் "சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்". 2008-ஆம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் வெளியிட்டது. அடிப்படையில் இது மல்யுத்தப் போட்டி போன்றதுதான். ஆனால் மோதுகிறவர்கள் வெவ்வேறு விளையாட்டுகளிலிருந்து வந்தவர்கள். மாரியோ, கர்பி, லிங்க், பிகாச்சு என்று தனித்தனிக் கதைகளில் வாழ்ந்தவர்கள் ஒரே மேடையில் கைகலக்கிறார்கள். 1999-இல் இவ்வரிசையின் முதல் விளையாட்டை ஆக்கியவர் மஸஹிரோ ஸாகுராய். அவருக்கு உறுதுணையாக நின்றவர் ஸதோரு இவாதா. பின்னர் 2002-இல் நின்டெண்டோவின் தலைவரானவர்.

இந்த மூன்றாவது விளையாட்டில், போட்டிக்கு அப்பால், ஒருவர் தனியே இருந்து ஆடிச் செல்லத்தக்க நீண்ட சாகசக் கதை ஒன்றை ஸாகுராய் சேர்த்தார். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டும் ஆடலாம். அதற்கு "சப்ஸ்பேஸ் எமிஸரி" என்று பெயர். உபவெளியின் தூதன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கதையை அமைப்பதில் காஸுஷிகே நோஜிமா என்ற பெயர்பெற்ற ஆசிரியரும் சேர்ந்து உழைத்தார்.

இதில் விசேஷம் என்னவென்றால், பாத்திரங்கள் பேசுவதில்லை. முனகல், கூச்சல், ஓரிருவருடைய ஒன்றிரண்டு சொற்கள், அவ்வளவே. மற்றதெல்லாம் கண்ணும் கையும் நடையும் சொல்ல வேண்டும். ஊமைப் படக் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? அபிநயத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. இருந்தாலும் ஓர் இயந்திரத்துக்கு எப்படி அபிநயம் வரும் என்ற சந்தேகம் எழத்தான் செய்தது.

கதை வானத்தில் மிதக்கும் ஓர் அரங்கத்தில் ஆரம்பமாகிறது. மாரியோவும் கர்பியும் பந்தயம் ஆட, இரு ராஜகுமாரிகள் மேலிருந்து பார்க்கிறார்கள். திடீரென்று வானம் கறுக்கிறது. மிதக்கும் தட்டின் மேல் பச்சை அங்கி போர்த்த ஓர் உருவம் வந்து ஒரு பெருங்குண்டை இறக்கிவிட்டுப் போகிறது. இரண்டு இயந்திர மனிதர்கள் அதன் இருபுறமும் பற்றிக்கொண்டு வெடிக்கச் செய்கிறார்கள். அரங்கம் முழுவதையும் இருண்ட உபவெளி விழுங்கிவிடுகிறது. குண்டைப் பற்றிய அவ்விருவரும் உடன் மறைந்துபோகிறார்கள். முதல் தடவை ஆடுகிறவன் அதைக் கவனிப்பதில்லை. நாமும் கவனிக்கவில்லை.

இவ்வுலகத்து நியதி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தோற்றவன் சாவதில்லை, சிலையாகிவிடுகிறான். யாரேனும் சிலையின் பீடத்தைத் தொட்டால் உயிர் வரும். தொடுவாரில்லையென்றால் அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

லூகாஸ் என்ற சிறுவனின் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பாழடைந்த ஒரு மிருகக்காட்சிச் சாலையில் ராக்ஷஸச் சிலை ஒன்று அவனைத் துரத்துகிறது. நெஸ் என்ற மற்றொரு சிறுவன் வந்து காப்பாற்றுகிறான். பிறகு ஒரு முரடன் பீரங்கியால் லூகாஸைக் குறிவைக்க, நெஸ் அவனைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டுச் சிலையாகிறான். லூகாஸ் என்ன செய்தான் தெரியுமா? ஓடிவிட்டான்! நண்பனை விட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடினான். பிற்பாடு அதே முரடனுக்கு எதிரில் அவன் திரும்பி வந்து நிற்கிறான். வீரத்தைப் பற்றி நாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசி உண்டாக்க முடியாத மௌனத்தை, அந்த ஓட்டமும் அந்தத் திரும்புதலும் எங்கள் கூடத்தில் உண்டாக்கின.

இனிப் பச்சை அங்கிக்காரரிடம் வருவோம். அவரைப் "பூர்வ மந்திரி" என்பார்கள். இயந்திர மனிதர்கள் வாழும் புராதனத் தீவு ஒன்றுக்கு அவர் தலைவர். அத்தீவில் குண்டுத் தொழிற்சாலை நடக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அவருடைய பிரஜைகள் இருவர் பலியாக வேண்டும். இதை அவர் விரும்பிச் செய்யவில்லை. கானன்டார்ப் என்ற கொடியவனின் ஆக்கினைக்கு அடங்கிச் செய்கிறார். கதாநாயகர்கள் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும், எல்லாக் குண்டுகளையும் அங்கேயே வெடிக்கும்படி கானன்டார்பின் உத்தரவு வருகிறது. பிரஜைகள் குண்டுகளைப் பற்றிக்கொள்கிறார்கள். அவர் தடுக்கப் பார்க்கிறார், அவர்கள் கேட்பதாயில்லை. அவர்களே அவர்மீது சுடும்படி கட்டளை பிறக்கிறது. பச்சை அங்கி தீப்பற்றி எரிந்து விழுகிறது. உள்ளே நிற்பவரும் அவர்களைப் போன்ற ஓர் இயந்திர மனிதரே!

அவ்வுருவத்தின் பெயர் "ராப்". அது கற்பனையில் பிறந்ததன்று. கடைகளில் விற்ற பொம்மை. 1983-இல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வியாபாரம் சரிந்து, கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள். ஆகவே 1985-இல் நின்டெண்டோவினர் தங்கள் பெட்டியோடு இந்தப் பொம்மையையும் சேர்த்து, இது விளையாட்டுச் சாமான்தான் என்று நம்பவைத்து விற்றார்கள். தொலைக்காட்சித் திரையின் ஒளிச் சிமிட்டலைக் கண்ணால் வாங்கி, கைகளை ஆட்டிப் பம்பரங்களை எடுத்து வைக்கும். அதற்கென்று வெளிவந்தவை இரண்டே விளையாட்டுகள். பெட்டி வீடுகளில் நிலைபெற்றதும் பொம்மை பரணுக்குப் போயிற்று. கம்பெனியைக் கடலுக்கு அப்பால் கொண்டு சேர்த்துவிட்டுத் தான் கைவிடப்பட்ட அந்தப் பொம்மையைத்தான், 23 ஆண்டுகளுக்குப் பிறகு, தன் குலத்தை இழந்த கடைசித் தலைவனாக ஸாகுராய் மேடையேற்றினார். அசையாத முகம் அதற்கு. இரண்டு கண்ணாடிக் கண்கள், அவ்வளவுதான். இருந்தும் தலை சற்றே தாழும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

அடிமைத்தனத்தின் ஏணிப்படி ஒன்றையும் இக்கதை காட்டுகிறது. மந்திரிக்கு மேல் கானன்டார்ப். அவனுக்கு மேல் எஜமானாக ஒரு ராக்ஷஸக் கை. அருகில் சென்று பார்த்தால் அக்கையும் நூலில் கட்டுண்டு ஆடுகிறது. நூலைப் பிடித்திருப்பவன் தபூ என்னும் மற்றொருவன். தாசில்தாரைக் கேட்டால் கலெக்டர் என்பார், கலெக்டரைக் கேட்டால் கவர்னர் என்பார், கவர்னரைக் கேட்டால் லண்டன் என்பார் என்று நம் பாட்டனார்கள் சொன்ன காலம் ஞாபகத்துக்கு வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. முடிவுக்கு முன்னால் வரும் பெரிய புதிர்க்கோட்டையில், கடந்து வந்த இடங்களையே மறுபடியும் சுற்றச் சொல்கிறார்கள். நமக்கு இரண்டு மாலைகள் அதில் வீணாயின. கதையில் யாரும் பேசாததால், யார் எதற்காக யாரை அடிக்கிறார் என்று சில இடங்களில் ஊகிக்கவும் வேண்டியிருக்கிறது.

2014-இல் வந்த அடுத்த விளையாட்டில் இப்படிப்பட்ட கதை இல்லை. காட்சிகளை ஆடி முடித்தவர்களுக்குப் பரிசாக வைத்திருந்தாராம் ஸாகுராய். அவையோ இணையத்தில் ஏறி, ஆடாதவர்களும் பார்த்துவிட்டார்கள். முதல் தடவை காண்பதில் உள்ள வியப்பு போய்விட்டது என்பது அவருடைய வருத்தம். 2018-இல் "வேர்ல்ட் ஆப் லைட்" என்ற பெயரில் சாகசம் திரும்பி வந்தது. மறைந்த இவாதா தமக்கு இட்ட கடைசிப் பணி அந்த விளையாட்டு என்று ஸாகுராய் சொல்லியிருக்கிறார். அதில் ஒளிக்கணைகளுக்குத் தப்பிக் கர்பி ஒருவன் மட்டும் மிஞ்சும் துவக்கம் கம்பீரமானது. பிறகு போட்டிமேல் போட்டி. கதைக் காட்சிகள் மிகக் குறைவு.

ஸாகுராயின் வருத்தத்தைப் படித்தபோது நம் பையனைத்தான் நினைத்துக்கொண்டோம். அவனிடம் விசாரித்ததில், அவன் அந்த விளையாட்டைத் தொட்டதே இல்லை என்று தெரிந்தது. அண்ணனுடைய கைப்பேசியில் காட்சிகளை மட்டும் பார்த்தவன். ஆசிரியர் எவன் தம் கதையைக் கெடுத்தான் என்று நொந்துகொள்வாரோ, அப்படிப்பட்டவன்தான் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தவனும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொன்னோம். தீவு வெடிக்கப் போகும் கட்டத்தில், தப்பிச் செல்லும் விமானத்தைப் பிரம்மாண்டமான ஒரு பறவை அரக்கன் மறிக்கிறது. அதை வீழ்த்த இரண்டு நிமிஷம்தான் கெடு. பையன் தோற்றான். மறுபடியும் தோற்றான். "பார்க்கும்போது இது சீக்கிரம் முடிந்துவிடும், ஸார்" என்று முணுமுணுத்தான். மூன்றாம் தடவையும் தோற்றான். நம் இல்லத்தரசி கொண்டுவந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நாலாவது தடவை அரக்கன் விழுந்தது, விமானம் உயர்ந்தது, பின்னால் தீவு இருளுக்குள் போயிற்று.

மிச்சத்தை இருவரும் மாறிமாறி ஆடி அடுத்த மாதம் முடித்தோம். தபூ வீழ்ந்த பிறகு, விழுங்கப்பட்ட உலகம் மீண்டும் துலங்குகிறது. வீரர்கள் எல்லோரும் கரையில் நின்று கடலைப் பார்க்கிறார்கள். தீவு இருந்த திசையில் நீருக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓர் ஒளி மட்டும் தெரிகிறது. பையன் பெட்டியை அணைக்கவில்லை. "அவர் எங்கே நிற்கிறார், ஸார்?" என்று கேட்டுவிட்டு, கூட்டத்தில் ராப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.